37,000 ரூபா டேக்ஸ் பில்லு: கார்டைத் தேய்க்கவா, கவர்மெண்டுக்கே ஒரு வட்டி கட்டவா?

2025 செப்டம்பர் 10, புதன்கிழமை, ராத்திரி பத்தரை இருக்கும், ஐடி ரிட்டர்ன் போட உக்காந்தேன். ரெண்டாயிரமோ மூவாயிரமோ ரீஃபண்ட் வரும், தீபாவளிக்கு ஒரு சட்ட எடுத்துக்கலாம்னு நெனச்சுட்டு இருந்த ஆளு நான், எல்லாத்தையும் போட்டு முடிச்சு கடைசிப் பக்கத்துக்கு வந்தா கட்ட வேண்டிய தொகை 37,000னு நிக்குது. ஏதோ தப்பா அடிச்சுட்டோம்னு பக்கத்த மூடிட்டு மறுபடி திறந்தேன். அதே 37,000. அக்கவுண்ட்ல இருந்தது 26,000 சொச்சம், மாசக் கடைசி வரைக்கும் அதுலதான் ஓட்டணும். தீபாவளி போனஸ் அக்டோபர் 15 வாக்குலதான் வரும். ரிட்டர்னுக்கு கடைசி நாள் செப்டம்பர் 15. ஆக எனக்கு வேண்டியது 37,000 கூட இல்ல, ஒரு மாசத்துக்கு ஒரு பாலம், அவ்ளோதான். அந்தப் பாலத்துக்கு எங்க எவ்ளோ டோல் வாங்கறான்னு நாலு நாளா உக்காந்து கணக்குப் போட்டேன், அதத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல இது எங்கேந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா வேல மாறின பாதிப் பேருக்கு இதே கததான். 2024 ஏப்ரல்லேந்து செப்டம்பர் வரைக்கும் திருச்சில ஒரு கம்பெனி, மாசம் 70,000. அவங்க வருஷம் பூரா நான் இருப்பேன்னு கணக்குப் போட்டு டிடிஎஸ் (பணம் குடுக்கறவங்களே முன்கூட்டி கழிச்சுக் கட்டற டேக்ஸ்) புடிச்சாங்க, ஆறு மாசத்துக்கு 13,780 ஆச்சு. அக்டோபர்லேந்து சென்னைல வேற கம்பெனி, மாசம் 95,000. இவங்களுக்கு என் பழைய சம்பளம் தெரியாது, அவங்க குடுக்கற ஆறு மாசச் சம்பளம் 5,70,000 மட்டும்தான் என் வருமானம்னு எடுத்துட்டு, அதுல எல்லா சம்பளக்காரங்களுக்கும் கிடைக்கற 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன கழிச்சா 4,95,000, ஏழு லட்சத்துக்குள்ள இருக்கு, டேக்ஸ் இல்ல, சுபம். சேரும்போதே ஃபார்ம் 12பின்னு ஒண்ணு குடுத்து பழைய கம்பெனி விவரத்த சொல்லியிருந்தா மாசாமாசம் புடிச்சிருப்பாங்க. ஹெச்ஆர் அனுப்பின இருபது ஃபார்ம்ல அதுவும் இருந்துச்சு, நான்தான் அப்புறம் பாக்கலாம்னு விட்டேன்.

ரெண்டு சம்பளமும் சேந்து 9,90,000. அதோட எஃப்டி வட்டி 38,000. அந்த வருஷம் பேங்க் வட்டி 40,000 தாண்டினாத்தான் டிடிஎஸ் புடிப்பாங்க, 38,000ங்கறதால ஒரு பைசா புடிக்கல, நானும் அதுக்கு டேக்ஸே இல்லன்னு நெனச்சுட்டேன். டிடிஎஸ் புடிக்கலன்னா டேக்ஸ் இல்லன்னு அர்த்தம் இல்ல சாமி, நீயே வந்து கட்டுன்னு அர்த்தம். மொத்தத்துல டேக்ஸ் செஸ்ஸோட 47,112, புடிச்சது போக பாக்கி 33,332.

அப்போ 37,000 எப்படி ஆச்சு? அதுதான் வட்டி. டிடிஎஸ் போக பாக்கி 10,000 அல்லது அதுக்கு மேல வரும்னா வருஷத்துக்குள்ளயே அட்வான்ஸ் டேக்ஸா நாலு தவணைல கட்டியிருக்கணும், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. தவணை தப்பினதுக்கு ஐடி சட்டத்தோட 234சி பிரிவுல 1,674. வருஷம் முடிஞ்சும் கட்டாததுக்கு 234பில ஏப்ரல்லேந்து மாசம் 1 சதவீதம், செப்டம்பரோட ஆறு மாசம், 1,998. இதுல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியல. அந்த வருஷம் ரிட்டர்ன் தேதிய ஜூலை 31லேந்து செப்டம்பர் 15க்குத் தள்ளினாங்க இல்ல (அப்புறம் கடைசி நேரத்துல 16 ஆச்சு), உடனே எல்லாரும் ஆஹான்னு நிம்மதியா தூங்கினோம், ஆனா தேதி தள்ளினது ரிட்டர்னுக்குத்தான், 234பி வட்டி அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. ஜூலைலயே கட்டியிருந்தா எனக்கு 666 ரூபா மிச்சம். பாக்கி 10,000க்கு கீழ இருக்கறவங்களுக்கும், பிசினஸ் வருமானம் இல்லாத 60 வயசு தாண்டினவங்களுக்கும் இந்த ரெண்டு வட்டியும் கிடையாது, அவங்க கடைசி நாள் வரைக்கும் நிதானமா கட்டலாம்.

பணத்துக்கு அலையறதுக்கு முன்னாடி பில்லு சரியான்னு பாத்துக்கோங்க. ஐடி சைட்ல நம்ம வருமானத்த காட்டற ஏஐஎஸ்ல ஒரே வட்டி ரெண்டு தடவ ஏறியிருக்கும், நம்ம பேர்ல கட்டின டேக்ஸ காட்டற 26ஏஎஸ்ல டிடிஎஸ் ஒரு க்வார்ட்டர் காணாமப் போயிருக்கும், இதெல்லாம் சகஜம். பழைய ரெஜிம், புது ரெஜிம்னு டேக்ஸ் கணக்குப் போட ரெண்டு முறை இருக்கு, ரெண்டுலயும் போட்டுப் பாருங்க, சம்பளக்காரங்க ரிட்டர்ன் போடும்போது மாத்திக்கலாம், ஆனா கடைசித் தேதிக்குள்ள போட்டாத்தான் பழைய ரெஜிம் கிடைக்கும். எனக்கு பழசுல இன்னும் அதிகமா வந்துச்சு, அதனால பேசாம புதுசுலயே இருந்துட்டேன்.

சரி, இப்போ ஒப்பீட்டுக்கு வருவோம். வருஷத்துக்கு இத்தன சதவீதம், ஃபீஸ் இவ்ளோ, அதுக்கு ஜிஎஸ்டி இவ்ளோன்னு பேங்க்காரங்க சொல்ற மாதிரி பாத்தா ஒண்ணும் புரியாது. நம்ம ஊர்ல வட்டிய எப்படிப் பேசுவோமோ அப்படி மாத்திட்டேன், நூறு ரூபாக்கு மாசம் ஒரு ரூபான்னா ஒரு வட்டி, ரெண்டு ரூபான்னா ரெண்டு வட்டி, அதுக்குக் கீழ பைசா வட்டி. இப்படிப் பாத்தா கவர்மெண்ட் நம்மகிட்ட வாங்கறது சரியா ஒரு வட்டி, அதுவும் வட்டிக்கு வட்டி கிடையாது. கிரெடிட் கார்டுல பாக்கி வச்சா பெரும்பாலும் மூணரை வட்டி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்க பாட்டி காலத்துல நாலு வட்டிக்கு வாங்கினவன ஊரே பாவம்னு பாக்கும், இப்போ அதே வட்டிய பிளாஸ்டிக்ல குடுத்தா லவுஞ்சு வசதியோட வருது.

மொதல்ல ரொம்ப மோசமான வழிய சொல்லிடறேன், ஏன்னா எனக்கே மொதல்ல தோணினது அதுதான். காசு இல்ல, அதனால ரிட்டர்னே போஸ்ட்போன் பண்ணிடுவோம், போனஸ் வந்ததும் கட்டிட்டு போட்டுக்கலாம். இது எவ்ளோ தப்புன்னா, கடைசி நாள் தாண்டினா வருமானம் அஞ்சு லட்சத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு 5,000 லேட் ஃபீஸ், அதோட 234ஏன்னு தனியா இன்னொரு ஒரு வட்டி, ஏற்கெனவே ஓடற 234பியோட சேந்து ரெண்டு வட்டி ஆயிடும். ஒரு மாசம் தள்ளிப் போட எனக்கு ஆகியிருக்கற செலவு 5,600க்கு மேல. நான் கீழ சொல்லப்போற எந்த வழியும் ஒரு மாசத்துக்கு இதுல பாதியைக்கூட தாண்டாது, கார்டுல மினிமம் டியூ, அதாவது பில்லுல குறைஞ்சபட்சத் தொகைய மட்டும் கட்டறது உட்பட! பணம் கட்டறது வேற, ரிட்டர்ன் போடறது வேற, ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க.

அடுத்து இருக்கறத வச்சு கட்டறது. யூபிஐக்கு சார்ஜ் கிடையாது, ரூபே டெபிட் கார்டுக்கும் கிடையாது, ஐடி சைட்டோட லிஸ்ட்ல உங்க பேங்க் இருந்தா நெட் பேங்கிங்கும் ஃப்ரீதான். டேக்ஸ் கட்ட யூபிஐ லிமிட்ட 2024ல 1 லட்சத்துலேந்து 5 லட்சம் ஆக்கிட்டாங்க, அதனால பெரிய தொகையும் போகும், உங்க ஆப்போ பேங்க்கோ கம்மியா வச்சிருந்தா ஒழிய. விசா, மாஸ்டர்னு வர்ற டெபிட் கார்டு, இல்ல பேமெண்ட் கேட்வே (நடுவுல பணத்த வாங்கி அனுப்பற சர்வீஸ்) வழியா போற வேற பேங்க் நெட் பேங்கிங், இதுக்கெல்லாம் சார்ஜ் விழலாம், கட்டறதுக்கு முன்னாடி காட்டும், பாத்துட்டு அமுக்குங்க. முக்கியமான விஷயம், மொத்தமும் ஒரே தடவைல கட்டணும்னு ஒரு சட்டமும் இல்ல. இன்னைக்கு 20,000, நாலு நாள் கழிச்சு மிச்சம்னு ரெண்டு சலானா (சலான்னா டேக்ஸ் கட்டற ரசீது) கட்டி ரெண்டையும் ரிட்டர்ன்ல காட்டலாம். பாதி கட்டினா அந்தக் காசு மொதல்ல லேட் ஃபீஸுக்கு, அப்புறம் வட்டிக்கு, மிச்சம்தான் டேக்ஸுக்குப் போகும். நம்ம ஊர் ஃபைனான்ஸ்காரர் நோட்டுல எழுதற அதே வரிச தான்.

இப்போ கார்டு. இதுலதான் எல்லாரும் குழம்பறோம், நான் ஒரு முழு நாள் குழம்பினேன். ஐடி சைட்ல கிரெடிட் கார்டுன்னா பேமெண்ட் கேட்வே வழியாத்தான், நாலஞ்சு பேங்க்கோட கேட்வே இருக்கும், ஒரே கார்டுக்கு கேட்வே மாத்தினா சார்ஜ் மாறும், எல்லாத்தையும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு கம்மிய எடுங்க. ஏறக்குறைய 1 சதவீதம், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு வச்சுக்குவோம், நூத்துக்கு 1 ரூபா 18 பைசா. 37,000க்கு 437. இது டேக்ஸ்ல சேராது, ரீஃபண்டும் வராது, போனா போனதுதான். கட்டினப்புறம் தப்பா கட்டிட்டேன்னு கார்டு பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது காச திருப்பித் தரச் சொல்லி, கேக்கவும் முடியாது. பாயிண்ட் வரும்ல, அதுல ஈடு கட்டிக்கலாம்னு நெனச்சீங்கன்னா கார்டோட கண்டிஷன மொதல்ல படிங்க, கவர்மெண்ட் பேமெண்ட்டுக்கும் டேக்ஸுக்கும் பாயிண்ட் கிடையாதுன்னு நெறைய கார்டுல போட்டிருக்கு.

ஆனா இந்த 437 அதிகமா கம்மியான்னு கேட்டா, அது எத்தன நாளைக்குங்கறதப் பொறுத்தது. இங்கதான் பில் தேதி வருது. என் கார்டுக்கு பில் போடறது மாசம் 12ஆம் தேதி, அதுலேந்து 20 நாள் டைம். செப்டம்பர் 10 ராத்திரி பயத்துல அப்பவே தேச்சிருந்தேன்னா 12ஆம் தேதி பில்லுல ஏறி அக்டோபர் 2க்குள்ள கட்டியாகணும், அதாவது வெறும் 22 நாளைக்கு 1.18, கணக்குப் பாத்தா ஒண்ணரை வட்டிக்கு மேல, அதவிட கொடும போனஸ் வர்றதுக்கு முன்னாடியே கெடு முடிஞ்சுடும். அதே கார்ட மூணு நாள் பொறுத்து 13ஆம் தேதி தேச்சா பில்லு அக்டோபர் 12ல வரும், கெடு நவம்பர் 1. நாப்பத்தொம்பது நாளு. அதே 437 இப்போ 72 பைசா வட்டி, கவர்மெண்ட் வட்டியவிட கம்மி! 10ஆம் தேதிக்கும் 13ஆம் தேதிக்கும் ஐடி வட்டில வித்தியாசம் கிடையாது, மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசம்னுதான் எடுக்கறாங்க, செப்டம்பர் 1ல கட்டினாலும் 30ல கட்டினாலும் ஒண்ணுதான். அதனால கார்டுதான்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல ஆப்ப திறந்து பில் தேதிய பாருங்க, ரெண்டு கார்டு இருந்தா பில்லு இப்பதான் போட்டு முடிஞ்ச கார்ட எடுங்க.

இவ்ளோ அழகா இருக்கே, அப்புறம் என்னன்னா, நவம்பர் 1 அன்னைக்கு முழுசா கட்டணும். முழுசா. மினிமம் டியூ ரெண்டாயிரம்னு காட்டும், அத மட்டும் கட்டிட்டு மிச்சத்த அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டா மூணரை வட்டி, அதுவும் நவம்பர் 1லேந்து இல்ல, தேச்ச நாளான செப்டம்பர் 13லேந்து போடுவான். மாசத்துக்கு 1,300, ஜிஎஸ்டியோட 1,500 தாண்டும், அது மட்டும் இல்லாம அந்தக் கார்டுல நீங்க வாங்கற பாலு, பெட்ரோல் எல்லாத்துக்கும் வட்டி இல்லாத நாள் போயிடும், தேச்ச அன்னைலேந்தே வட்டி. கவர்மெண்ட் அதே பாக்கிக்கு மாசம் 333 கேக்குது. நாலு மடங்குக்கு மேல. போனஸ் வருமா வராதான்னு உறுதியா தெரியாதவங்க கார்டு பக்கமே போகாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

தேச்ச அடுத்த நிமிஷமே போன்ல ஒரு மெசேஜ் வரும், உங்க செலவ ஈசியா ஈஎம்ஐயா மாத்திக்கோங்கன்னு. ஆறு மாசம், 16 சதவீதம்னு வச்சுப் போட்டுப் பாத்தேன், வட்டி 1,766, வட்டிக்கு ஜிஎஸ்டி 318, ப்ராசசிங் ஃபீஸ் 299ம் அதுக்கு ஜிஎஸ்டியும் 353, ஏற்கெனவே கட்டின கேட்வே சார்ஜ் 437, ஆக 2,874. ஆறு மாசம் நிஜமாவே வேணும்ங்கறவங்க கார்டு ஈஎம்ஐக்கு பதிலா நகைய வச்சுடலாம், அத கீழ சொல்றேன்.

ரிட்டர்ன் போடும்போது கடைசில ரெண்டு வழி காட்டும், இப்பவே கட்டறியா, அப்புறம் கட்டறியான்னு. அப்புறம்ங்கறத அமுக்கினாலும் ரிட்டர்ன் ஏறிடும், முப்பது நாளுக்குள்ள ஓடிபி போட்டு வெரிஃபை பண்ணா போதும், 5,000 ஃபீஸ் கிடையாது, 234ஏவும் கிடையாது. 234பி மட்டும் ஓடும். அதாவது நான் அக்டோபர் 15ல கட்டினா கூடுதலா ஆகறது ஒரு மாச வட்டி 333, கார்டு சார்ஜ் 437. பாத்தீங்களா, கவர்மெண்ட் கார்டவிட நூறு ரூபா சீப். ரிட்டர்ன ப்ராசஸ் பண்ணிட்டு அவங்களே டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பினா அதுக்கு மேல முப்பது நாள் டைம், அதுக்கப்புறமும் கட்டலன்னா மறுபடி ஒரு வட்டி. தெரிஞ்ச ஆடிட்டர் அண்ணன்கிட்ட கேட்டேன், "தம்பி, வட்டி கம்மிதான், ஆனா அது கடன் இல்ல, பாக்கி. உன்ன டிஃபால்ட்டர்னு எழுத சட்டத்துல எடம் இருக்கு, பெனால்டி போட ஆபீசருக்கு அதிகாரமும் இருக்கு. முப்பதாயிரத்துக்கு யாரும் தேடி வரப்போறதில்ல, ஆனா நீ மறந்துருவ, அடுத்த வருஷ ரீஃபண்ட்ல புடிச்சுக்குவாங்க"ன்னாரு. மறந்துருவங்கறது நெஜம். ஃபார்ம் 12பிய மறந்த ஆளுதானே நான்.

இதுல எல்லாத்தயும்விட சீப்பு எதுன்னு கேட்டா எஃப்டி மேல ஓவர்டிராஃப்ட், சுருக்கமா ஓடி, அதாவது டெபாசிட்ட ஈடா வச்சு எடுக்கற கடன். எஃப்டிய உடைக்க வேண்டாம், அதுல 90 சதவீதம் வரைக்கும் பேங்க் குடுக்கும், எஃப்டி வட்டிக்கு மேல ஒண்ணோ ரெண்டோ சதவீதம். எனக்கு 7.1 எஃப்டி, ஓடி 8.1, அதாவது 68 பைசா வட்டி கூட இல்ல, எத்தன நாள் வச்சிருக்கமோ அத்தன நாளுக்கு மட்டும். அக்டோபர் 15 வரைக்கும் 37,000க்கு 263 ரூபா. கேக்கவே நல்லா இருக்கு இல்ல? ஆனா அந்த எஃப்டி என் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு அம்மா சேத்தது, மொதல் பேரு என்னோடது, ரெண்டாவது அம்மா. ஓடி எடுக்கணும்னா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்னாங்க. போன்ல மெதுவா ஆரம்பிச்சேன், "அம்மா, அந்த டெபாசிட் மேல ஒரு சின்ன..."ன்னு, வாக்கியம் முடியல, "அதுல கை வச்சேன்னா தெரியும்டா"ன்னு அந்தப் பக்கம் குக்கர் விசிலோட சேந்து வந்துச்சு பதில். அதோட விட்டுட்டேன். இதுல வேடிக்க என்னன்னா, அம்மா பணம், அம்மா பேர மொதல்ல போட்டு அவங்க டெபாசிட்டாவே வச்சிருந்தா அந்த 38,000 வட்டி அவங்க வருமானம், அவங்களுக்கு டேக்ஸ் வராது, எனக்கு 3,952 கம்மியாயிருக்கும். பையன் பேர்ல இருந்தா பத்திரம்னு போட்டாங்க.

நகைக்கடன பத்தி தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. அந்த வாரம் சவரன் எண்பதாயிரத்த தாண்டி நின்னுச்சு, ஒரு சவரன் மோதிரம் செயின் வச்சாலே 37,000 தேறும். பேங்க்ல ஒம்போதரை சதவீதம்னு வச்சா 79 பைசா வட்டி, ஒரு மாசத்துக்கு 308, அதோட அப்ரைசர் சார்ஜ். அரை நாள் லீவு போட்டு டோக்கன் வாங்கி உக்காரணும், திருப்பறதுக்கு இன்னொரு அரை நாள். ஒரு மாசத்துக்கு இந்த அலைச்சல் தேவையில்லன்னு எனக்குப் பட்டுச்சு, நாலு மாசம் ஆறு மாசம் ஆகும்னா கார்டு ஈஎம்ஐக்கு இது எவ்வளவோ மேல். அடகுக்கடைன்னா வட்டி வேற, அங்க ரெண்டு வட்டிக்கு கீழ வர்றதே பெருசு.

கைமாத்து, அதுதான் ஜீரோ வட்டி. மச்சான்கிட்ட கேட்டா குடுப்பாரு, குடுத்துட்டு அடுத்த அஞ்சு வருஷத்துக்கு எல்லா விசேஷத்துலயும் "மாப்ள, டேக்ஸெல்லாம் கட்டியாச்சா"ன்னு கேப்பாரு. பர்சனல் லோன் இவ்ளோ சின்ன தொகைக்கு வேண்டாத வேல, ப்ராசசிங் ஃபீஸே தின்னுடும். சில போன் ஆப்லயும் கார்டு வச்சு டேக்ஸ் கட்டலாம், அதுல சலான் கைக்கு வர ரெண்டு நாள் வரைக்கும் ஆகலாம்ங்கறதால கடைசி நாளுக்கு முந்தின நாள் அத நம்பாதீங்க.

கடைசில நான் பண்ணது ஒரு கலவை. 11ஆம் தேதி யூபிஐல 20,000 கட்டினேன், கைல 6,000 மிச்சம். 13ஆம் தேதி சனிக்கிழமை காலைல, பில்லு போட்டு முடிஞ்சாச்சான்னு கார்டு ஆப்ல பாத்துட்டு, மிச்சம் 17,000த்த தேச்சேன். கேட்வே சார்ஜ் 170, ஜிஎஸ்டி 30 ரூபா 60 பைசா. இந்த 17,000த்த அப்புறம் கட்டறேன்னு விட்டிருந்தா கவர்மெண்டுக்கு 170, ஓடின்னா 121. ஆக ரொம்ப சீப்பான வழிக்கும் நான் எடுத்த வழிக்கும் வித்தியாசம் 80 ரூபா, ரெண்டு டீ ரெண்டு பஜ்ஜி. நாலு நாள் இதுக்காக எக்செல் ஷீட்டு போட்டு மண்டய ஒடச்சுட்டு இருந்தேன். நெஜமான வித்தியாசம் இந்த 121, 170, 201க்கு நடுவுல இல்ல, ரிட்டர்ன் போடாம விட்டா 5,000, மினிமம் டியூல மாட்டினா மாசம் 1,500, ஈஎம்ஐல போனா 2,800 சொச்சம், அங்கதான் இருக்கு. கார்டு சார்ஜ் அநியாயம்னு புலம்பறவங்க பல பேரு அந்த சார்ஜுக்கு பயந்து ரிட்டர்ன லேட்டாக்கி 5,000 கட்டறதப் பாத்திருக்கேன்.

தொகை பெருசுன்னா இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. மூணு லட்சம் டேக்ஸ்னா கார்டு சார்ஜே 3,540, அதுக்குக் கார்டு லிமிட்டும் வேணும், அங்க ஓடியோ நகையோதான் சரி. நோட்டீஸே வந்துட்டா டிமாண்ட தவணையா கட்ட ஆபீசர்கிட்ட எழுதிக் கேக்கவும் வழி இருக்கு, வட்டி ஓடும், ஆனா நெருக்கடி கொறையும்.

சலான் போடும்போது அசெஸ்மெண்ட் இயர்ல கவனம். 2024-25ல சம்பாதிச்சதுக்கு அசெஸ்மெண்ட் இயர் 2025-26, லிஸ்ட்ல பக்கத்துலயே 2026-27 நிக்கும், கை நழுவி அத அமுக்கினா காசு அடுத்த வருஷக் கணக்குல போய் உக்காந்துக்கும். ஆன்லைன்லயே மாத்தலாம், வருஷத்த மாத்த ஏழு நாள்தான் டைம். பேமெண்ட் வகைல அட்வான்ஸ் டேக்ஸ அமுக்காதீங்க, செல்ஃப் அசெஸ்மெண்ட், 300ங்கற நம்பர், அதத்தான் எடுக்கணும்.

போனஸ் 16ஆம் தேதி வந்துச்சு, அன்னைக்கே 17,201த்த கார்டுல கட்டிட்டேன், சட்ட எடுக்கல. 2025-26க்கு புது ரெஜிம்ல பன்னெண்டு லட்சம் வரைக்கும் டேக்ஸ் இல்லன்னு ஆயிட்டதால அதே சம்பளம், அதே எஃப்டி வட்டிக்கு இப்போ எனக்கு பில்லே வராது. இத அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ அந்த டெபாசிட்ட உம்பேர்லயே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ரினியூ பண்ணிடறேன்"ன்னாங்க.